ஒரே மெஷின், இரண்டு தேதி

தேசப்பனுக்கு மோசஸ் மேல் இருந்த பொறாமை ஊரறிந்தது. கும்மிடிப்பூண்டியில் தகர டப்பா செய்யும் கம்பெனியில் ஒரே பிரஸ் மெஷின்தான் இரண்டு பேர் கையையும் கடித்தது. இருவருக்கும் வலது கையில் மூன்று விரல் போயிற்று. எழுபத்தைந்து செப்டம்பரில் தேசப்பன், அடுத்த மாதம் மோசஸ். நடுவில் அந்த மெஷினுக்கு ஒரு தடுப்பு போட ஆளில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் மட்டும் தாராளமாகப் பூசினார்கள்.

கம்பெனி கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கைக்கட்டுப் பிரிப்பதற்கு முன்பே தேசப்பன் கேட்டில் டோக்கன் கொடுக்கும் வேலைக்கு வந்துவிட்டான். மறுவருஷம் சட்டம் மாறி நஷ்டஈடு நன்றாகவே ஏறியது. ஆனால் எழுபத்தைந்து அக்டோபர் ஒன்றாம் தேதி முதல் அடிபட்டவர்களுக்குத்தான் அது.

“எனுக்கு இன்னும் வலிக்குதே. எனுக்குச் சேராதா?” என்று சங்கத்து வக்கீல் சுப்பராயனிடம் கேட்டான்.

“அடிபட்ட தேதிக்கு எந்தச் சட்டமோ அதுதாம்பா. வலிக்கிற தேதிக்கு இல்ல.”

அன்றிலிருந்து மோசஸ் எதிரே வந்தால் தேசப்பன் பீடி பற்றவைக்கக் குனிந்துகொள்வான். மோசஸ் மனைவி செண்பகம் தையல் மெஷின் வாங்கப்போகிறாளாம் என்று தன் மனைவி கன்னியம்மா வந்து சொன்ன அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் விரல் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். மோசஸ் விரல் நல்ல நாள் பார்த்துப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கம்பெனி சும்மா இருக்குமா? மோசஸுக்கு அடிபட்டது செப்டம்பர் இருபத்தொன்பது என்று ரிஜிஸ்டரில் மாற்றி எழுதிக்கொண்டது. அடிபட்ட அன்று மோசஸை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் தேசப்பன். அவன்தான் சாட்சி.

விசாரணைக்கு முந்தின நாள் சூப்பர்வைசர் ஆதிகேசவன் கேட்டுக்கு வந்தார்.

“பொய் சொல்ல வாணாம்பா. தேதி ஞாபகம் இல்லைன்னு சொல்லு, போதும்.”

தேசப்பனுக்கு அது இனித்தது. பொய்யும் இல்லை, பாவமும் இல்லை, மோசஸும் தன் வரிசைக்கு வந்துவிடுவான். பட்டணம் போகும் ரயிலில் அந்த மூன்று வார்த்தையையும் முணுமுணுத்துக்கொண்டே போனான். எதிர் சீட்டில் மோசஸ் வேர்க்கடலை உரிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். உரித்துக் கொடுக்க தேசப்பனாலும் முடியாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“மோசஸுக்கு என்னைக்கு அடிபட்டது?” என்றார் நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் கமிஷனர்.

வாயைத் திறந்தான். அந்த மூன்று வார்த்தை வரவில்லை.

“அக்டோபர் பதினேழுங்க. வெள்ளிக்கிழமை.”

“ரெண்டு வருஷம் ஆச்சு. இவ்வளவு கரெக்டா எப்படிச் சொல்றே?” என்று கம்பெனி வக்கீல் மடக்கினார்.

தேசப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது.

“எப்டி சார் மறக்கும்? எனுக்கு செப்டம்பர் இருவது. சட்டத்துக்கு அக்டோபர் ஒண்ணு. பதினோரு நாளு முந்திப்பூட்டேன். அவன் பிந்தி வந்து மாட்டுனான். தெனமும் இத்தையே எண்ணி எண்ணி வயிறெரிஞ்சிக்கினு கீறேன். மறந்துட்டேன்னு சொல்லத்தான் சார் வந்தேன். முடியல.”

கமிஷனர் பேனாவை எடுத்து, அக்டோபர் பதினேழு என்று எழுதிக்கொண்டார்.