ஒரே மடக்கில் மூன்று வேளை மருந்து

அறுபதுகளில், பம்பாயில் மதுவிலக்கு இருந்த நாட்களில், தாராவியில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டால் பாதி டாக்டர் என்று எனக்கே ஒரு நினைப்பு. இருமலுக்குச் சிவப்பு மருந்து கலக்கி, பாட்டிலின் பக்கவாட்டில் வேளைக்கு ஒரு வெட்டு வைத்த காகிதத்தை ஒட்டிக் கொடுப்பேன். எழுத்து தெரியாதவர்களுக்கும் அளவு புரிந்துவிடும். அந்த மருந்து தூக்கம் தரும் என்பது எனக்குத் தெரியும். இருமுகிறவர் தூங்கினால் நல்லதுதானே என்று யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

ஒருநாள் காலை, தோல் கிடங்கிலிருந்து குர்லாவுக்கு லோடு அடிக்கும் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்திருந்தும், கூட்டத்தைச் சாக்காக வைத்து, "மூணு வேளை" என்று மட்டும் சொல்லிப் பாட்டிலை நீட்டினேன். கொஞ்ச நேரத்தில் காலி பாட்டில் மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டது. யார் வைத்தது என்றுகூடப் பார்க்காமல் கழுவப் போட்டேன்.

மதியம் அவர் மனைவி ஓடிவந்தார். "அண்ணாச்சி, அவியளப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிட்டு. குடிச்சிட்டு ஓட்டுனாவளாம். அவிய தொட்டதே கெடையாது அண்ணாச்சி, ஒங்க மருந்தத்தான் குடிச்சாவ!"

அவர் அழுதுகொண்டே சொன்னதிலிருந்துதான் எனக்கு விஷயம் விளங்கியது. லாரியில் எந்தப் பாட்டிலைக் கண்டாலும் சாராயம் என்று போலீஸ்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். அதற்குப் பயந்து, எங்கள் டிரைவர்கள் மூன்று வேளை மருந்தையும் வாசலிலேயே ஒரே மடக்கில் குடித்துவிட்டுத்தான் வண்டி ஏறுவார்களாம். இத்தனை நாள் காலி பாட்டில்களை எண்ணாமல் வாங்கிக் கழுவிய எனக்கு மட்டும் இது தெரியாது. என்ன கம்பவுண்டர் நான்!

அன்று சயானில் அவரை நிறுத்தி வாயை ஊதச் சொல்லியிருக்கிறார்கள். சாராய வாடை இல்லை, போகவிட்டார்கள். குர்லா போகும் வழியில் லாரி நடைபாதையில் ஏறி, பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவரின் காலை முறித்துவிட்டது. தள்ளாடி இறங்கியவரைப் பார்த்து, குடித்திருக்கிறான் என்றே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணோடு ஸ்டேஷனுக்குப் போனேன். டிரைவர் தலை கவிழ்ந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய லைசென்ஸ் இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் கிடந்தது. அது போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. எனக்குத் தெரிந்த இந்தியில், தூக்க மருந்து கலந்தவன் நான், எச்சரிக்காதவனும் நான் என்று ஒப்புக்கொண்டேன். என் வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். கேஸ் அதன்பாட்டுக்கு நடக்கட்டும், லைசென்ஸைத் தந்துவிடுகிறேன் என்று அதைக் கையில் எடுத்தார்.

அப்போது டிரைவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணாச்சி, ரெண்டு தடவ கண்ணு சொருகிச்சு. ஓரமா நிப்பாட்டியிருக்கலாம். லோடு லேட்டானா மொதலாளி ஏசுவாரேன்னு ஓட்டிட்டேன். அதையும் சொல்லுங்க."

"கியா போலா?" என்ன சொன்னான் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அடிபட்டவர் எப்படி இருக்கிறார் என்று டிரைவர் விசாரிப்பதாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தபின் எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

டிரைவர் எழுந்தார். தனக்குத் தெரிந்த இந்தியில், தூக்கம் வந்தது, தெரிந்தே நிறுத்தவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு லைசென்ஸை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

டிரைவரை ஜாமீனில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கைக்கு வந்தத ஏம்ப்பா கெடுத்த?" என்று கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"காலையிலயும் பாதியத்தான் சொன்னிய அண்ணாச்சி," என்றார். "இப்பவும் பாதியத்தான் சொன்னிய."