நடுவில் வெளிச்சம்

எனக்குக் கோபம் மூக்குநுனியிலேயே உட்கார்ந்திருக்கும். அலை ஒளியியலில் நான் தேறியதற்கு அந்தக் கோபம்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

பீளமேட்டில் பி.எஸ்சி. இயற்பியல், கடைசி செமஸ்டர். எம்.எஸ்சி. சீட் கிடைத்திருந்தது. ஆனால் முந்தைய செமஸ்டரில் ஒளியியல் பிராக்டிகலில் கோட்டை விட்டிருந்தேன். அந்த அரியரை முடித்தால்தான் சீட் நிற்கும். இல்லையென்றால் சிங்காநல்லூரில் அப்பாவின் லேத் பட்டறையில் பில் போட உட்கார வேண்டியதுதான். அப்பா அதற்கு நாற்காலிகூட வாங்கிவிட்டார்.

தேர்வன்று எனக்கு விழுந்தது வளையச் சோதனை. தட்டைக் கண்ணாடி மேல் குவிலென்ஸை வைத்து, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை விழவிட வேண்டும். லென்ஸின் அடியில் பட்டுத் திரும்பும் அலையும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் வெளிச்ச வளையமும் இருட்டு வளையமும் மாறி மாறித் தெரியும். அவற்றை அளந்து லென்ஸின் வளைவு ஆரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். லென்ஸ் கண்ணாடியைத் தொடுகிற நடுப்புள்ளி கறுப்பாக இருக்கும். எல்லாப் புத்தகத்திலும் கறுப்புத்தான்.

எனக்கு நடுவில் பளிச்சென்று மஞ்சள்.

பக்கத்து மேசைத் தோழி எட்டிப் பார்த்தாள். "பேசாம கறுப்புன்னே எழுதிப்போடு புள்ள. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கண்ணெதிரே வெளிச்சம் இருக்கும்போது இருட்டு என்று எழுத நான் என்ன குருடியா? 'நடுப்புள்ளி வெளிச்சம்' என்றே எழுதி, வளையங்களை அளந்து, ஆரத்தையும் கணக்கிட்டு வைத்தேன்.

வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க அம்மணி, நடுவுல கறுப்பா இருக்கோணுமுங்களே. இதுக்கு எப்படி மார்க் போடறது?"

நான் மறுபடி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். மஞ்சள்தான்.

"லென்ஸை எதுல தொடச்சீங்க?"

"பனியன் வேஸ்ட்லங்க சார்."

எங்கள் பக்கம் லேத்தானாலும் பைக்கானாலும் திருப்பூர் பனியன் வெட்டிய துண்டுத் துணியில்தான் துடைப்போம். லேப் அலமாரியிலும் ஒரு கட்டு இருந்தது, பட்டறையில் வளர்ந்த கை தானாக அதை எடுத்திருந்தது. சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. நூல்பிசிறு ஒன்று லென்ஸுக்கு அடியில் மாட்டி அதைத் துளி தூக்கிவிட்டிருக்கிறது. நடுவில் தொட வேண்டிய லென்ஸ் தொடாததால்தான் அங்கே வெளிச்சம்.

"தொடச்சது என் தப்புங்க சார். ஆனா கணக்கு தப்பில்லைங்க" என்றேன். "பிசிறு எல்லா வளையத்துக்கும் ஒரே இடைவெளியைத்தான் கூட்டும். ஒரு வளையத்து விட்டத்தோட வர்க்கத்துல இருந்து இன்னொரு வளையத்து விட்டத்தோட வர்க்கத்தைக் கழிக்கறப்போ அது அடிபட்டுப் போயிருங்க. லென்ஸைச் சுத்தம் பண்ணி மறுபடி அளக்கறேன். ஆரம் மாறுச்சுன்னா பெயில் போட்டுக்கங்க."

வீராப்பாகச் சொல்லிவிட்டு, லென்ஸைக் கழற்றி நீட்டினேன்.

அவரே லென்ஸ் தாளால் துடைத்து வைத்தார். நடுவில் மை வைத்த மாதிரி கறுப்பு. அவர் நகரவே இல்லை, பக்கத்திலேயே நின்றார். நான் ஒவ்வொரு வளையமாக அளந்து, கால்குலேட்டரைத் தட்டினேன். முன்பு வந்த அதே ஆரம். கடைசி இலக்கத்தில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம்.

அவர் இரண்டு விடைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை வருசமா எக்ஸாமினரா வாரேன். நடுவுல வெளிச்சம்னு எழுதுன ஆளை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

அந்த நிமிஷம் எனக்கு இருந்த திமிர் இருக்கிறதே, சொல்லி மாளாது. தோழி வாயைப் பொத்திச் சிரித்தாள். அவர் மார்க்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எம்.எஸ்சி. சேரப் போறீங்களா?"

"சேந்துட்டேன்னே வெச்சுக்கங்க சார்" என்றேன்.