தையல் ஒளிந்த பெட்டி

பஞ்சாலைக்கு எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும். கோயில் குடையின் தொங்கல் எப்படிக் கோர்த்திருக்கிறது என்று பார்க்கப்போய், திருவிழாவுக்கு முதல் நாள் அதைப் பாதி அவிழ்த்துவிட்டு, திரும்பவும் கோர்க்கத் தெரியாமல் பூசாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். லயத்து வீடுகளின் பொதுக்குழாயைக் கழற்றிப் பார்த்து ஒரு காலை முழுக்கத் தோட்டத்தையே தண்ணீருக்கு அலைய விட்டவளும் அவள்தான். ரப்பர் பால்மரம் வெட்டுவதில் மட்டும் அவளை யாரும் குறை சொன்னதில்லை. உளி பிடிக்கிற கை நடுங்காது.

மலாயாவில், செரம்பானை ஒட்டிய ராசா என்ற ஊருக்கும் போர்டிக்சனுக்கும் இடையே இருந்தது அந்தத் தோட்டம். ஐம்பத்து மூன்றாம் வருஷம். அவசரகாலம் தொடங்கி ஐந்து வருஷமாகியும் வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிக் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகள் காட்டிலேயே இருந்தார்கள். தனித்தனியாக இருந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி கட்டியாயிற்று. வாசலில் கேட். காலையில் மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போகக் கூடாது, அது காட்டுக்குப் போய்விடுமாம். சர்க்கரை இல்லாத கறுப்புத் தேத்தண்ணி மட்டும் போகலாம். ஆண்களை மாத்தாக்கள், அதாவது போலீஸ்காரர்கள், தடவிப் பார்ப்பார்கள். பெண்களைத் தடவிப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ராக்கம்மா என்ற ஒருத்தியை வேலைக்கு எடுத்திருந்தார்கள். அவளோடு எந்தப் பெண்ணும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்தபிறகு பஞ்சாலை கிராணி வீட்டில் துணி துவைக்கப் போவாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சிவசிதம்பரம் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மனைவி பூரணம் அதட்டிப் பேசுவாரே தவிர மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர். அந்த அம்மாவின் அலமாரிமேல்தான் பஞ்சாலை அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

துணிப்பெட்டி. ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், அரைச் சாண் உயரம். வெளியே நீலப்பூத் துணி, உள்ளே வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் பஞ்சு வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருந்ததில் துணி சின்னச் சின்னக் கட்டங்களாகப் புடைத்து நின்றது. மூடியும் அதே மாதிரி. நான்கு மூலையும் மரப்பெட்டி போல நிமிர்ந்து நின்றன. பூரணம் அதில் கொண்டையூசியும் ரிப்பனும் வைத்திருந்தார்.

பஞ்சாலை அதை எடுத்துத் திறந்தாள். உள்ளே விரல்விட்டு ஓரமெல்லாம் தடவினாள். கவிழ்த்து அடியைப் பார்த்தாள். துணி வெட்டிய விளிம்பு எங்கேயுமே இல்லை. ரவிக்கையைத் திருப்பினால் பிசிறு தெரியும். தலையணை உறையைத் திருப்பினால் தெரியும். எந்தத் துணிக்கும் ஒரு நல்ல பக்கமும் ஒரு கெட்ட பக்கமும் உண்டு. இதற்கு உள்ளும் நல்ல பக்கம், வெளியும் நல்ல பக்கம். அப்படியானால் கெட்ட பக்கம் எங்கே போயிற்று?

"நீ உடுப்புத் தோய்க்க வந்தனியோ, பெட்டி பார்க்க வந்தனியோ?" என்றார் பூரணம்.

"இத எப்படிம்மா தெச்சாங்க? தையலக் காணோமே?"

"எனக்கென்ன தெரியும்? செரம்பானில தேவாலயத்துச் சந்தையில வாங்கினது. ஆர் தைச்சதோ."

"ஒரே ஒரு ஓரத்த மட்டும் பிரிச்சுப் பாக்கட்டுங்களா?"

"உனக்கென்ன விசரே! வை அங்கை."

வைத்துவிட்டாள். ஆனால் மனசு அங்கேயே நின்றுவிட்டது. மரத்தில் உளி வைக்கும்போதும் அதே நினைப்பு. வீட்டில் மாவுச் சாக்கைக் கிழித்து, ஸ்டோருக்குப் பின்னால் நின்ற இலவ மரத்தின் பஞ்சை நடுவில் பரப்பித் தைத்துப் பார்த்தாள். பெட்டி மாதிரி ஒன்று வந்தது. உள்ளே எல்லா மூலையிலும் பிசிறு தொங்கியது. அதன்மேல் துணிப்பட்டை வைத்து மூடித் தைத்தாள். பிசிறு மறைந்தது, பட்டை தெரிந்தது.

புகைவீட்டில் ரப்பர் ஷீட்டு காயவைக்கிற வேலை முடிந்து வந்த அவள் புருஷன் சன்னாசி அதைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"நல்லாத்தானே இருக்கு புள்ள."

"பட்டை தெரியுதுங்க. கிராணியம்மா பொட்டில பட்டை இல்ல."

"சாமான் வைக்கத்தானே பொட்டி? தையலு எங்க போனா நமக்கென்னலா?"

"எங்க போச்சுன்னு தெரியணுமில்ல?"

சன்னாசி பெட்டியைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனான். பதினாலு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரியும்.

மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்து லாரி ஆட்களைச் செரம்பானுக்கு ஏற்றிப்போகும். பூரணத்தின் தங்கை கமலாதேவி வழியிலிருந்த ராசாவில் இருந்தார், பிள்ளை பிறந்திருந்தது. குழந்தைக்குப் பவுடரும் சீப்பும் வைக்க அந்தப் பெட்டியைத் தங்கைக்கு அனுப்ப நினைத்தார் பூரணம். யார் கொண்டுபோவது என்று அவர் வாய் திறப்பதற்குள், "நான் கொண்டு போறேம்மா" என்றாள் பஞ்சாலை. அவளுக்கு ராசாவில் ஒரு வேலையும் இல்லை. போகிற வழி முழுக்கப் பெட்டி மடியில் இருக்கும், அதுதான்.

கேட்டில் வரிசை. ராக்கம்மா பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. மூடியை அமுக்கினாள், மெத்தென்றிருந்தது. அடியை அமுக்கியபோது உள்ளே மொடமொடவென்று ஒரு சத்தம் கேட்டது. அவள் முகம் மாறியது. சத்தம் கேட்டு, மாத்தாக்களுக்கு மேலாளான சார்ஜனும் வந்துவிட்டான். மலாய்க்காரன், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். பெட்டியை வாங்கிக் காதருகே வைத்து அமுக்கினான்.

"சூராட்?" என்றான்.

"உள்ள கடுதாசி இருக்கான்னு கேக்கறாரு" என்றாள் ராக்கம்மா தணிந்த குரலில்.

வரிசையில் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். காட்டுக்குக் கடிதம் கொண்டுபோனதாகப் பிடிபட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் அப்படிப் போன ஒரு ஆள் இன்னும் திரும்பவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பஞ்சாலைக்குத் தெரியவே தெரியாது. சொன்னால் யார் நம்புவார்கள்?

சார்ஜன் கத்தியை எடுத்தான். பெட்டியின் உள்துணியில், அடிப்பக்க ஓரத்தில் நுனியை வைத்தான்.

பயம் பயமாகவே இருந்தது. அதற்கு நடுவிலும் பஞ்சாலையின் கழுத்து தன்னால் முன்னே நீண்டது.

"பெலான், பெலான் தம்பி!" என்று கத்தினாள். "மெதுவா! துணிய வெட்டாதீங்க, நூல வெட்டுங்க. நூலோரமாவே போங்க!"

சார்ஜனின் கை நின்றது. மாட்டிக்கொண்டவள் அழுவாள், காலில் விழுவாள். இவள் வெட்ட வழி சொல்கிறாளே! அவனுக்குச் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. ஆனாலும் நூலோரமாகத்தான் வெட்டினான். மூன்று பக்கம் வெட்டியதும் உள்ளடித் துணி கதவு மாதிரி தூக்கிக்கொண்டது.

உள்ளே இரண்டு அட்டைத் துண்டுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், ஒரு சாண் நீளம். ஒன்றில் இங்கிலீஷ் எழுத்து பாதி வெட்டுப்பட்டு நின்றது. சார்ஜன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிராணியைக் கூட்டிவர ஆள் போனது. லாரி அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது. பஞ்சாலையைக் காவல் கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பெட்டி எதிரே மேசைமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைப் பார்த்தாள். கெட்ட பக்கம் அங்கேதான் இருந்தது! வெளித்துணியின் பிசிறும் உள்துணியின் பிசிறும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, நடுவில், பஞ்சுக்குப் பக்கத்தில். சரி, பிசிறு உள்ளே போயிருக்கிறது. எப்படிப் போனது? எல்லாம் தைத்து மூடியபிறகு உள்ளே கைவிட வழி ஏது?

கத்தி படாத நாலாவது ஓரத்தை உற்றுப் பார்த்தாள். மற்ற தையலெல்லாம் மெஷின் தையல், எறும்பு வரிசை மாதிரி. இந்த ஓரத்தில் மட்டும் நடுவே ஒரு இடத்தில் நூல் தடித்துச் சற்றுக் கோணலாகப் போனது. கைத்தையல். எவ்வளவு நீளம்? உள்ளங்கை அகலம். அட்டையும் உள்ளங்கை அகலம். ஒரே அட்டையாகப் போடாமல் ஏன் இரண்டாக வெட்டினார்கள்?

"வழி அது!" என்றாள் சத்தமாக.

"என்னக்கா?" என்று கேட்டாள் காவலுக்கு நின்ற ராக்கம்மா.

"அந்த ஓட்டை வழியாத்தான் அட்டைய உள்ள விட்டிருக்காங்க. அட்டைய மட்டுமில்ல. மொத்தப் பொட்டியவே உள்புறத்த வெளிய வச்சுத் தெச்சு, அந்த ஓட்டை வழியா இழுத்துத் திருப்பியிருக்காங்க. கடைசியா ஓட்டைய மட்டும் கையால மூடிட்டாங்க."

ராக்கம்மா மேசையைப் பார்த்தாள், பஞ்சாலையைப் பார்த்தாள். "இப்ப இதான் ஒங்களுக்குக் கவலையா?" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது.

சிவசிதம்பரம் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இது கடையில சட்டை வைச்சு விக்கிற பெட்டியின்ர அட்டை. பெட்டி என்ர மனிசின்ர" என்று தமிழில் சொல்லி, அதையே மலாயில் சார்ஜனுக்கு விளக்கினார். சார்ஜன் அட்டையை வைத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்தான். இனிமேல் தைத்து மூடிய எந்தச் சாமானும் கேட்டைத் தாண்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டான்.

பூரணம் கிழிந்த பெட்டியைக் கண்டு அழாத குறை. "உன்னட்டைக் குடுத்தன் பார், என்னைச் சொல்லவேணும்!"

"பத்து நாள் குடுங்கம்மா. நான் தெச்சுத் தரேன்."

"நீயோ?"

"எனக்கு இப்ப தெரியும்மா."

தெரிந்தது பாதிதான். பஞ்சாலை மிச்சத் தையலையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, எதன்மேல் எது ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில் தைத்தது முதலில் பிரிந்தது. பிறகு அதே வரிசையைத் தலைகீழாக்கி, சாக்குத் துணியில் ஒரு வெள்ளோட்டம் தைத்தாள். வாய் ஓரத்தில் மூடியையும் சேர்த்து வைத்துச் சுற்றித் தைத்துவிட்டு, உள்ளடி ஓரத்தில் விட்டிருந்த ஓட்டைக்குள் கைவிட்டு இழுத்தாள். முதல் மூலை வந்தது. பிறகு முழுப் பெட்டியும் மழையில் நனைந்த சட்டை திரும்புவது மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டே வெளியே வந்து விழுந்தது. மூடியை மட்டும் காணவில்லை. தடவிப் பார்த்தால், அது இரண்டு துணிக்கும் நடுவில் பெட்டியின் வயிற்றுக்குள் சிக்கிக் கிடந்தது. சன்னாசி விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். மூடியைத் தலைகீழாக வைத்துத் தைத்ததால் வந்த வினை என்று அன்றைக்கே பிடிபட்டுவிட்டது.

அட்டை இல்லாமல், அடியில் இரட்டிப்பாகப் பஞ்சு வைத்துத் தைத்த நீலப்பூப் பெட்டி ஒன்பதாம் நாள் நிமிர்ந்து நின்றது. பூரணம் உள்ளே விரல்விட்டு ஓரமெல்லாம் தடவினார். கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

"கடையில வாங்கினதை விட இது நல்லா நிக்குது" என்றார் கடைசியில். "ஆனா இதை எப்படியடி வெளியில கொண்டு போறது? தைச்சு மூடினது போகக் கூடாதெண்டு சொல்லிப்போட்டானே."

பஞ்சாலை அதையும் யோசித்து வைத்திருந்தாள். உள்ளடி ஓரத்தின் ஓட்டையை அவள் மூடவே இல்லை. மூடாத வாயில் நூல் கோத்த ஊசி ஒன்று செருகியிருந்தது.

அடுத்த மாதத்து லாரி நாளில் அதே சார்ஜன்தான் நின்றான். பஞ்சாலை பெட்டியை ராக்கம்மாவிடம் நீட்டி, "கைய உள்ள வுட்டுப் பாரு தங்கச்சி. பஞ்சத் தவிர ஒண்ணுமில்ல" என்றாள். அந்தக் கேட்டில் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ராக்கம்மா கைவிட்டுத் துழாவினாள். சார்ஜனும் இரண்டு விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"இப்ப நீயே மூடிடு. நீ மூடினா அப்புறம் யாரும் சந்தேகப்படமாட்டாங்க."

ராக்கம்மா தயங்கினாள். பிறகு வரிசை காத்திருக்க, கொட்டகை நிழலில் உட்கார்ந்து தைத்தாள். நூல் வெளியே தெரிந்தது.

"மடிப்புக்குள்ளயே ஊசிய ஓட்டு. அந்தப் பக்கம் ஒரு எட்டு, இந்தப் பக்கம் ஒரு எட்டு. இழு."

இழுத்ததும் வாய் மூடிக்கொண்டு தையல் மறைந்தது. ராக்கம்மா பெட்டியைக் கண்ணருகே கொண்டுபோய், "எங்கக்கா போச்சு?" என்றாள். லாரியிலிருந்து யாரோ சீக்கிரம் வாங்க என்று சத்தம் போட்டார்கள்.

கமலாதேவி வீட்டில் பார்த்த ராசாக்காரர்களும், அவர்களிடம் பார்த்த பக்கத்து ஊர்த் தெமியாங்காரர்களும் அதே மாதிரிப் பெட்டி கேட்டார்கள். வளையல் வைக்க ஒருவர், மூக்குக்கண்ணாடி வைக்க ஒருவர், குழந்தைத் துணி வைக்கப் பெரிதாக ஒருவர். ஒவ்வொரு அளவுக்கும் ஓட்டை எங்கே விடுவது, எவ்வளவு விடுவது என்று பஞ்சாலை புதிதாக யோசித்தாள். உருண்டைப் பெட்டி ஒன்று வருமா என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, அதையும் தைத்தாள். எல்லாப் பெட்டியும் வாய் திறந்தபடிதான் கேட்டுக்கு வரும். ராக்கம்மா கைவிட்டுப் பார்த்து, அங்கேயே மூடித் தைத்து அனுப்புவாள். அவள் தைப்பதை நின்று பார்த்த பெண்கள் மெல்ல மெல்ல அவளோடு பேசத் தொடங்கினார்கள். தடவிப் பார்க்கிறவள் என்ற பெயர் போய், ஊசிக்காரி என்று ஆகிவிட்டது.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்கு அடுத்த வருஷம் அந்தக் கேட்டைச் சாத்துவதை விட்டார்கள். ராக்கம்மாவுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. அவள் தன் தோட்டத்துக்குத் திரும்பாமல் பஞ்சாலையின் லயத்திலேயே ஒரு அறை கேட்டு வாங்கிக்கொண்டாள். பால் நிறுத்தபிறகு இருவரும் வாசலில் பாய் விரித்துத் தைப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து, கைச்சக்கரம் வைத்த பழைய தையல் மெஷின் ஒன்றைச் செரம்பானிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ராக்கம்மா துணியை எடுத்துவர உள்ளே போனாள். திரும்பி வந்தபோது மெஷினின் அடித்தட்டு கழன்று பாயில் கிடந்தது. பஞ்சாலை அதற்குள் தலையைக் குனிந்து, சக்கரத்தை ஒரு கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே, கீழ்நூல் எப்படி மேல்நூலைப் போய்ப் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.