மெம்பர் பாய் நீட்டிய தண்ணீர்

ரெம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்வெட்டுக்காரனாகச் சேர்ந்து, ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் மண்டோராக உயர்ந்தவர் இராஜமாணிக்கம். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் குடையை மடக்கி, தலைப்பாகையை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொள்வார். கீழ்லயம் என்ற வரிசைவீடுகளில் ஒதுக்கப்பட்டிருந்த ஆட்கள் தன் எதிரே அதையே செய்ய வேண்டும் என்றும் எதிர்பார்ப்பார். மிதிபடுகிறவனே மிதிக்க ஓர் ஆளைத் தேடும் இந்த வியாதிக்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பெயர் வழக்கம்.

அவரும் கீழ்லயத்து முத்தாயியும் ஊரிலிருந்து ஒரே கப்பலில் பிழைக்க வந்தவர்கள். கப்பலில் ஒரே தொட்டித் தண்ணீரைத்தான் குடித்தார்கள். கரையிறங்கியதும் தகரப்பெட்டியிலிருந்து சாதியை எடுத்து உடுத்திக்கொண்டார்கள். மேல்லயத்துக்குக் கிணறு, கீழ்லயத்துக்கு ஓடை என்று ஆயிற்று. ஓடையில் ரப்பர்க் கொட்டகையின் கழிவு கலந்தது. கீழ்லயத்துப் பிள்ளைகள் வயிற்றுக்கடுப்பில் செத்தார்கள். மாரியம்மன் கோபம் என்று மேல்லயம் சொல்லிற்று. கழிவை ஓடையில் விட்டது மாரியம்மனா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர் வந்தார். ரஹாங்கில் குடியிருந்து, சிரம்பானில் துணிக்கடை நடத்திய ஷம்சுதீன். அரசாங்கம் அவரை மாநில ஆலோசனை சபைக்கு நியமித்தது. அந்தப் பதவி கிடைத்தவர்கள் வழக்கமாகப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இவர் சேறு மிதித்து லயத்துக்கு வந்தார். ஓடைத் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்துப்போய்ச் சபையின் மேசைமேல் வைத்து, "கனவான்களே, இதில் ஒரு வாய் குடித்துவிட்டு மேலே பேசுங்கள்" என்றார். யாரும் குடிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் போத்தல் போயிற்று, அதற்கடுத்த கூட்டத்துக்கும். தோட்டத்தில் அவர் பெயர் மெம்பர் பாய்.

அந்த நாட்களில்தான் மண்டோரின் மனைவி தாயம்மா பிரசவத்தில் கண் செருகிக் கிடந்தாள். லயம் பார்க்க வந்திருந்த மெம்பர் பாய் தம் மோட்டாரிலேயே அவளைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பின்ஸீட்டில் தாயம்மாவின் தலையை மடியில் தாங்கி, வழியெல்லாம் கையால் தண்ணீர் புகட்டியவள் முத்தாயி. முன்னால் உட்கார்ந்திருந்த மண்டோர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். தடுக்கவில்லை. தாயம்மா பிழைத்தாள்.

கடைசியில் குழாய் வந்தது. இரண்டு லயத்துக்கும் நடுவில், ஒரே குழாய். அதைத் திறந்துவைக்க வந்த மெம்பர் பாய், முத்தாயியைக் கூப்பிட்டு முதல் குவளையைப் பிடிக்கச் சொன்னார். அதை வாங்கி மண்டோரிடம் நீட்டினார்.

"குடிங்க மண்டோர். நீங்க குடிச்சா எல்லாரும் குடிப்பாங்க."

மேல்லயம் முழுக்கத் தன்னையே பார்ப்பது மண்டோருக்கு முதுகில் உறைத்தது.

"இப்பத்தான் காப்பி குடிச்சேன், பாய்."

மெம்பர் பாய் கையை உடனே மடக்கவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார். பிறகு சிரித்தார். தண்ணீரைத் தாமே குடித்துவிட்டு மோட்டாரில் ஏறினார். அன்று முதல், மேல்லயம் பிடித்து முடித்த பிறகே கீழ்லயம் குழாயைத் தொட வேண்டும் என்று ஆயிற்று. அப்படி ஆக்கியவர் மண்டோர்.

மறு வருஷம் மெம்பர் பாய் காய்ச்சலில் இறந்துபோனார். செய்தி கேட்ட அன்று மண்டோருக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஒரு நாள் சிரம்பான் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தவர் அவர். நினைத்ததோடு சரி.

இரங்கல் கூட்டத்தைக் குழாயடியில் வைத்தார்கள். ஏற்பாடெல்லாம் மண்டோர்தான். நாற்காலியில் மெம்பர் பாயின் படம். பெஞ்சியின் மேல் மேல்லயத்துக்குப் பித்தளைக் குவளைகள். பெஞ்சிக்குக் கீழே, தரையில், கீழ்லயத்துக்குத் தேங்காய்ச் சிரட்டைகள். அவர் கையே அப்படி அடுக்கியது. அடுக்கும்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கூட்டத்துக்கு வந்திருந்த மெம்பர் பாயின் மகன் யாக்கூப், மாலையோடு நின்ற மண்டோரைத் தடுத்தான்.

"கோவிச்சுக்காதீங்க. படத்துக்கு மாலை போடறது எங்க வழக்கமில்ல. வாப்பா கடைசிவரைக்கும் இந்தக் குழாயைப் பத்தித்தான் பேசினாங்க. எல்லாருக்கும் ஒரு வாய் தண்ணி குடுங்க, அது போதும்." படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "உங்களைப் பத்தி வீட்ல ரொம்பப் பெருமையா சொல்லுவாங்க. அந்த அம்மா புடிச்ச தண்ணிய மொதல்ல வாங்கிக் குடிச்சது நீங்கதானாமே?"

யாரோ இருமினார்கள். தாயம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த மனிதர் தம் வீட்டில் பொய் சொல்லியிருக்கிறார். சபையில் யார் முகத்துக்கும் அஞ்சாமல் உண்மை பேசியவர், ஒரு மண்டோரின் மானத்தைக் காப்பாற்ற மகனிடம் பொய் சொல்லியிருக்கிறார். அல்லது, என்றாவது ஒருநாள் இந்த மண்டோர் குடித்துவிடுவார் என்று நம்பிக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்டாரோ?

யாக்கூப்பின் பார்வை பெஞ்சிக்குக் கீழே போயிற்று. "அது என்னங்க, சிரட்டை?"

தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி முந்திக்கொண்டார். "அது ஒண்ணுமில்லலா தம்பி, பிள்ளைங்க வெளையாட..."

மண்டோர் மாலையைக் கிராணியின் கையில் திணித்தார். தலைப்பாகையை அவிழ்த்து அக்குளில் இடுக்கினார். எந்தத் துரையும் அங்கே இல்லை. கீழ்லயத்துக் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற முத்தாயியிடம் போனார்.

"முத்தாயி, கொஞ்சம் தண்ணி புடிச்சுக் குடு."

"டேய் மாணிக்கம்!" என்று மேல்லயத்திலிருந்து ஒரு குரல் சீறியது.

முத்தாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகன் முன்னால் எல்லாம் உடைந்துவிடும். சொல்ல அவளுக்கு உரிமையும் இருந்தது. அவள் குழாயைத் திறந்தாள். பித்தளைக் குவளையைத் தொடவில்லை. குனிந்து ஒரு சிரட்டையை எடுத்து, நிறையப் பிடித்து நீட்டினாள். இத்தனை வருஷமும் அவரைச் சாமி என்று கூப்பிட்டவள், இப்போது எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இந்தாங்க மண்டோரு. இன்னொரு தடவையும் குடிங்க."

மெம்பர் பாயும் அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டார், இவளும் காப்பாற்றிவிட்டாள். மண்டோர் இரண்டு கையாலும் சிரட்டையை வாங்கினார். ஒரு வாய் எடுத்தவருக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. யாக்கூப் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே அவன் வாப்பாவின் சிரிப்பு.

மண்டோர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். காலிச் சிரட்டையைத் தரையில் வைக்காமல் பெஞ்சியின் மேல் வைத்தார். மேல்லயத்தார் பலர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். தாயம்மா மட்டும் எழுந்து, அதே சிரட்டையை எடுத்துக்கொண்டு முத்தாயியிடம் போனாள்.