'வந்துடும்' என்று எழுதாத அக்கா

பல் வைத்தியரின் முன்னறையில் டோக்கன் கொடுக்கிற வேலை லேசுப்பட்டதா என்ன? கன்னம் வீங்கி வந்தவனிடம் "இதோ கூப்பிட்டுடுவாங்க" என்று ஒருமுறை சொல்லலாம். இரண்டாம் முறை சொன்னால், அவன் பார்க்கிற பார்வையிலேயே நமக்குப் பல்வலி வந்துவிடும். அங்கே டோக்கன் கொடுக்கிற அக்கா அப்படிச் சொல்வதே இல்லை. "உங்களுக்கு முன்னாடி நாலு பேர் இருக்காங்க. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, நான் கூப்பிடுறேன்" என்பாள். வலியோடு வந்தவனும் அடங்கிப் போவான்.

இந்த வாய்க்காகத்தான் கொழுந்தன் அவளைத் தன் வேலைக்குள் இழுத்துப் போட்டான். வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு நடத்துகிறான் அவன். வேலை, வண்டி, ரிப்பேர் என்று ஊர்ப்பட்ட பேச்சு அங்கே நடக்கும். உறுப்பினர்களுக்குக் குழுவின் பெயரிலேயே மெயில் முகவரியும் உண்டு. கம்ப்யூட்டரில் பையன் கெட்டிக்காரன்தான், யார் இல்லை என்றது? ஆனால் முதல் தடவை மெயில் படுத்தபோது, "மெயில் வேலை செய்யவில்லை" என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பிய மகராசன்! அதற்குப் பிறகு, குழுவின் இணையப் பக்கத்தில் இருக்கிற பலகையில் அறிவிப்பு எழுதுவது அண்ணியின் பொறுப்பாகிவிட்டது.

அன்று காலையும் மெயில் படுத்துக்கொண்டது. அக்கா டோக்கன் மேஜையில் இருந்தபடியே செல்போனில் எழுதிப் போட்டாள்: "மெயில் நின்றிருக்கிறது. காரணம் இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் இங்கேயே சொல்கிறேன்." வழக்கம்போலச் சிலர் முணுமுணுத்தார்கள். கடையை மூடிவிட்டீர்களா என்று ஒருவர் கிண்டலடித்தார். அதற்குக் கீழே, வேன்காரர் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆள் கேட்டிருந்தார்:

"அக்கா, ரொம்ப நாளா வேலை இல்லாம இருக்கேன். ஆம்புலன்ஸ் ஓட்டுற வேலைக்கு நேர்காணல் எப்பன்னு இன்னிக்கு மெயில்ல சொல்றேன்னாங்க. காத்திருக்கலாமா?"

 அக்கா கொழுந்தனுக்குப் போன் போட்டு வேன்காரர் கேட்டதைச் சொன்னாள்.

"வந்துடும்னு போடுங்க அண்ணி. அனுப்புறவங்க கம்ப்யூட்டர் தானாவே திரும்பத் திரும்ப அனுப்பிப் பாக்கும். ஒண்ணும் தொலையாது."

"இன்னிக்கே வருமா?"

"வந்துடும் அண்ணி."

"வரும்னா வரும்னு சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அதென்ன வந்துடும்? நம்ம வீட்டுக் குழாய்க்காரனும் வந்துடுறேன்னுதான் சொன்னான். குழாய் இன்னும் சொட்டிக்கிட்டே இருக்கு."

கொழுந்தனின் குரல் இறங்கியது. "தெரியல அண்ணி. ஆனா அப்படியே எழுதினா மானம் போயிடும். பாதிப் பேர் வேற இடம் பாத்துப் போயிடுவாங்க."

"போறவங்க போகட்டும். அந்த மனுஷனுக்கு வேலை தவறிப்போனா நீயா குடுப்ப?"

உள்ளே பல் துளைக்கிற இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. அக்கா எழுதினாள்: "காத்திருக்க வேண்டாம். இன்று வருமா என்று எங்களுக்கே தெரியாது. அவசர மெயில் எதிர்பார்ப்பவர்கள், அனுப்புகிறவருக்கே போன் போட்டுக் கேளுங்கள்." அப்புறம் வேன்காரருக்கென்று தனியாக ஒரு வரி: "அண்ணே, இப்பவே போடுங்க."

அவரிடமிருந்து பதிலே இல்லை. டோக்கன் கொடுப்பதும் பலகையைப் பார்ப்பதுமாக அக்காவுக்கு அன்றைய பொழுது ஓடியது. அவசரப்பட்டு எழுதிவிட்டோமோ என்றுகூட ஒரு பயம் வந்தது.

மாலையில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கொழுந்தன் துள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணி, சரியாயிடுச்சு! ஒரு மெயில்கூடத் தொலையல. நான்தான் சொன்னேன்ல, வந்துடும்னு!"

அக்கா செல்போனை எடுத்துப் பார்த்தாள். வேன்காரர் எழுதியிருந்தார்: "அக்கா, நேர்காணல் மெயில் இப்பத்தான் வந்துச்சு. இன்னிக்கு மதியம் மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீங்க சொன்னதும் போன் போட்டதால நேரத்துக்குப் போயிட்டேன். திங்கக்கிழமை வேலைல சேரச் சொல்லிட்டாங்க."

அவள் செல்போனைக் கொழுந்தனிடம் நீட்டினாள். அவன் படித்தான். மறுபடியும் படித்தான். துள்ளல் அடங்கிவிட்டது. சமையலறைக்குப் போய், சொட்டுகிற குழாய்க்கு அடியில் நிரம்பியிருந்த வாளியை எடுத்துக் கொட்டினான்.

"குழாய்க்காரன் நாளைக்கு வந்துடு..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "தெரியல அண்ணி. போன் போட்டுக் கேக்குறேன்."