லுங்கியில் ஓடிய ஹெட் கான்ஸ்டபிள்

“…லுங்கி லுங்கின்னு கத்திக்கிட்டா சார் ஓடினாரு? போலீஸ் போலீஸ்னுதானே கத்திக்கிட்டு ஓடினாரு?”

என் அண்ணி இப்படிக் கேட்டது ஒரு போலீஸ் அதிகாரியிடம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு அக்டோபர் காலை. பணியில் உயிர்விட்ட போலீஸ்காரர்களுக்கான நினைவு நாள். மைதானத்தில் ஷாமியானா போட்டு, அந்த வருஷம் போனவர்களின் குடும்பங்களை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அண்ணனும் அந்த வருஷம் போனவர்தான். ஆனால் எங்களுக்கு அழைப்பு வரவில்லை. வராத அழைப்பை மதித்து அண்ணியும் அம்மாவும் நானும் சிவாஜிநகரில் பஸ் ஏறிப் போய்விட்டோம். வாசலில் மறித்த அதிகாரி கெட்டவர் அல்ல. “அன்னிக்கு அவருக்கு வீக்லி ஆஃப்மா. யூனிஃபார்ம்கூட இல்ல, லுங்கியில இருந்தாரு. ஆன் டியூட்டி கணக்குல வராது” என்று தணிந்த குரலில்தான் சொன்னார். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சப் படிப்பெல்லாம் காதால் படித்தது. ஆட்களின் முகம் எனக்குச் சீக்கிரம் மறந்துபோகும். அவர்கள் சொன்னது மறக்காது. அண்ணன் முகத்தையே இப்போது போட்டோ பார்த்துத்தான் சரிசெய்துகொள்கிறேன். ஆனால் அவர் வாய் ஓயாமல் சொன்ன ஒன்று அப்படியே காதில் இருக்கிறது. லீவு கேட்டு ஸ்டேஷனுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு தடவையும், தொப்பியைக் கழற்றி டிவி மேல் வைத்துவிட்டு, தன் பெரிய அதிகாரியின் குரலிலேயே பேசிக் காட்டுவார்: “போலீஸ்காரனுக்கு ஏதுய்யா லீவு? இருபத்துநாலு மணி நேரமும் டியூட்டிதான்யா!” என் கல்யாணத்துக்கே தாலி கட்டி முடிந்த பிறகுதான் யூனிஃபார்மோடு வந்தார். நின்றபடியே இரண்டு வாய் பிரியாணி சாப்பிட்டார், என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், பந்தோபஸ்துக்கு ஓடினார். அண்ணிக்குக் கோபம். “இவரு நம்மளக் கட்டினாரா, ஸ்டேஷனைக் கட்டினாரா அத்தை?” என்று அம்மாவிடம் கேட்டார். “ரெண்டையும்தான். நீ ரெண்டாவது சம்சாரம்” என்றாள் அம்மா. அந்த வீட்டில் அப்படித்தான் சிரிப்பு ஓடும்.

அண்ணன் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அபூர்வமாகக் கிடைத்த வார ஓய்வு. பிரேசர் டவுனில் மட்டன் வாங்கிக்கொண்டு காக்ஸ் டவுன் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். சர்ச்சுக்குப் போய்த் திரும்பிய ஒரு டீச்சரம்மாவின் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்தார்கள். பைக் சறுக்கி விழுந்தது. ஒருவன் எழுந்து சந்துக்குள் ஓடினான். அண்ணன் கையிலிருந்த பையை சைக்கிள் கடை பாயிடம் நீட்டி, “புடி பாய், வந்துர்றேன்” என்றார். லுங்கியை மடித்துக் கட்டினார். “போலீஸ்! நில்லுடா!” என்று ஓடினார். பிடித்தும்விட்டார். கத்தி இறங்கிய பிறகும் அவன் சட்டைக் காலரை விடவில்லை. ஆட்கள் வந்துதான் அந்த விரல்களைப் பிரித்தார்கள்.

மத்தியானம், வீடு நிறையக் கூட்டம் கூடிய பிறகு, பாய் அந்தப் பையோடு வாசலில் நின்றார். உள்ளே வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. “பஹன், தங்கச்சி, இத்த எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனாரு… இன்னா செய்றதுன்னு தெர்ல” என்று அழுதார். அண்ணி எழுந்து போனார். “நீங்க எடுத்துட்டுப் போய் ஆக்குங்க பாய். உங்க புள்ளைங்க சாப்பிடட்டும். அவரு வாங்கினது வீணாப் போவக்கூடாது” என்றார். அன்று அந்த வீட்டில் தெளிவாகப் பேசிய ஒரே ஆள் அண்ணிதான்.

ஸ்டேஷன் ஆட்கள் அண்ணனைத் தோளில்தான் சுமந்தார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேலே போன காகிதத்தில் ‘ஓய்வு நாளில் நேர்ந்த மரணம்’ என்று எழுதியாயிற்று. மரியாதைக் குண்டு முழங்கவில்லை. நினைவு நாளில் வாசிக்கும் பெயர்களிலும் அவர் பெயர் வராது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி பாயைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். கருணை அடிப்படையில் அண்ணிக்கு ஒரு கிளார்க் வேலை வரவேண்டியிருந்தது. அம்மாவுக்கு அதுதான் பயம். “வாணாம்மா, பெரிய எடத்தைப் பகைச்சுக்கினா வர்ற வேலையும் போயிரும். உனக்குன்னு இன்னா இருக்குது?” அண்ணி குழாயடியில் துணி அலசிக்கொண்டே பதில் சொன்னார்: “வேலை எனக்கு அத்தை. பேரு அவருக்கு. என் சோத்துக்காக அவரு பேரை வித்துட்டு வரச் சொல்றீங்களா?” நினைவு நாளன்று எங்களுக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றவள் அம்மாதான்.

இப்போது வருஷா வருஷம் அண்ணன் பெயரைச் சொல்கிறார்கள். அந்த உத்தரவு வர மேலும் சில வருஷங்கள் ஆயின. “நான்தான் வாங்கித் தந்தேன்” என்று சொல்லிக்கொள்ள ஆட்களுக்குக் குறைவில்லை. சொல்லிக்கொள்ளட்டும். அது எந்தக் காலையில் வாங்கப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அந்த அக்டோபர் காலை வாசலில், லுங்கிக் கேள்வியோடு அண்ணி விடவில்லை. “லீவு கேட்டா இருபத்துநாலு மணி நேரமும் டியூட்டின்னீங்க. செத்தா மட்டும் டியூட்டி முடிஞ்சிருச்சா சார்?” என்று அண்ணி அடுத்ததையும் கேட்டார். அந்த அதிகாரி கீழே பார்த்தபடி கடைசி வரிசைக்குக் கை காட்டினார். உட்கார்ந்தோம். மைக்கில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் முன்வரிசையில் ஒரு தலை குனிந்தது. அண்ணன் பெயர் வராமலே வாசித்தவர் காகிதத்தை மடித்தார். இறந்தவர்களுக்காக ஊதும் பியூகிள் எக்காளத்தை அதற்கானவர் உதட்டுக்குக் கொண்டுபோனார். எல்லோரும் மௌனத்துக்காக எழுந்தார்கள்.

“இன்னும் ஒரு பேரு இருக்குது சார்!”

வீட்டுத் தமிழை விட்டு, ஊர்ப் பாஷையான கன்னடத்தில்தான் அண்ணி சொன்னார், அத்தனை பேருக்கும் புரியட்டும் என்று. நாற்காலிகளை விலக்கிக்கொண்டு நடுப்பாதைக்கு வந்து நின்றார். ஹெட் கான்ஸ்டபிள் என்று தொடங்கி, ஸ்டேஷன் பெயரைச் சொல்லி, தான் ஒருநாளும் வாயால் சொல்லியிராத புருஷன் பெயரை மைதானம் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். இரண்டு பெண் போலீஸ்கள் ஓடிவந்து, பக்கத்தில் வந்ததும் கையைத் தொங்கவிட்டு நின்றுவிட்டார்கள். அண்ணி அவர்களைப் பார்க்கவில்லை. பியூகிளை உதட்டருகே பிடித்தபடி திகைத்து நின்றவரைப் பார்த்து, “இப்ப ஊதுங்க” என்றார்.