இடம் பிடிக்கிறவள்

ஒரு பிள்ளையைத் தோள்துண்டாகப் பயன்படுத்துவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இருந்திருந்தால் என் மாமா எப்போதோ உள்ளே போயிருப்பார்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ போட்டுவிட்டால் அந்த சீட் போட்டவருக்குச் சொந்தம். ஆனால் துண்டுக்கு வாய் கிடையாது. யாராவது அதை நகர்த்திவிட்டு உட்கார்ந்தால் அதனால் சண்டை போட முடியாது. என்னால் முடியும். அதனால் அம்மாவின் அண்ணனான மாமா என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஜன்னலுக்குள் செருகிவிடுவார். நான் மூன்று பேர் சீட்டில் குறுக்கே படுத்துக்கொண்டு, "ஆளு வருது, ஆளு வருது" என்று கத்துவேன். முழங்கை சிராய்த்தாலும் கண்டுகொள்ள மாட்டேன். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

ஒரு முறை சென்னைக்குப் போகிறோம் என்றார்கள். சைதாப்பேட்டையில் இருந்த சித்தியின் புருஷன் வீட்டுக்கு. சித்தி, அம்மாவின் தங்கை. கல்யாணமான முதல் ஆடிக்கு வந்தவள், தை பிறந்தும் திரும்பிப் போகாமல் உத்திரமேரூர் பக்கம் பெருநகர் என்ற எங்கள் ஊரில், எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவள் முதுகில் நீளமாக ஒரு தழும்பு இருந்தது. சமைக்கும்போது எண்ணெய் தெறித்துவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். அடுப்பைப் பார்த்து நின்று சமைக்கிறவளுக்கு முதுகில் எப்படி எண்ணெய் தெறிக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல்.

என் கவலையெல்லாம் விமானம். தாம்பரம் தாண்டி மீனம்பாக்கத்தில் ரோட்டுக்குப் பக்கத்திலேயே விமானம் இறங்கும், ஜன்னலில் உட்கார்ந்தால் அதன் வயிற்றுப்பக்கம் முழுக்கத் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். ஜன்னல் எனக்குத்தான் என்று மாமா வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பி உத்திரமேரூரில் நான் ஒரு தடித்த ஆளோடு மல்லுக்கட்டி சீட்டைக் காப்பாற்றினேன். சித்தி ஏறி வந்தாள். என்னைத் தாண்டிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா, அது என் எடம்!"

"தாம்பரம் வரிக்கும் அவ குந்தட்டும் பாப்பா. பிளேனு அதுக்கு அப்பால தான் வரும்" என்றார் மாமா.

சரி, ஜன்னலை வாங்கிக்கொண்டவள் வெளியே பார்த்தாளா? அதுவும் இல்லை. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு கம்பியில் தலைசாய்த்துவிட்டாள். புக்கத்துறை போனது, செங்கல்பட்டு ஏரி போனது, அவள் திரும்பவே இல்லை. தூங்குகிறவளுக்கு எதற்கு ஜன்னல்? நான் அம்மாவைக் கிள்ளினேன். அம்மா பதிலுக்கு அழுத்தமாகக் கிள்ளினாள்.

தாம்பரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும். அங்கேதான் எனக்கு உண்மையான அவமானம் காத்திருந்தது. முதல் பஸ் வந்தது.

"ரொம்ப கூட்டமா கீதுண்ணா. அடுத்ததுல போலாம்" என்றாள் சித்தி.

அடுத்தது வந்தது. அதிலும் கூட்டம் என்றாள். அதற்கடுத்த பஸ்ஸில் பாதி சீட் காலி. படிக்கட்டு உயரமாக இருக்கிறது, தலை சுற்றுகிறது, கொஞ்சம் பொறுத்துப் போகலாம் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை கூட்டத்திலும் இடம் பிடிக்கிற என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டம் என்றால் என்ன அர்த்தம்? என் திறமைமேல் நம்பிக்கை இல்லை என்றுதானே? தலைக்கு மேலே ஒரு விமானம் வேறு இரைந்துகொண்டு தாழ்ந்து போனது. என் விமானம்.

"இன்னா பேஜாரா போச்சு ஒன்னோட" என்று மாமா பல்லைக் கடித்தார். "மாப்பிள வூட்ல காத்துகினு கீறாங்க. நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

அம்மா இரண்டு பேரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த பஸ் உள்ளே திரும்பியபோது நான் யாரையும் கேட்கவில்லை. அது நிற்பதற்குள் ஓடி, பெரியவர்களின் முழங்கைக்குக் கீழே புகுந்து, முன்பக்கம் பெண்கள் சீட்டில் போய் விழுந்தேன். மூன்று இடம், ஜன்னலோடு. தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்.

"சித்தி! எடம் புட்சிட்டேன்! ஏறு!"

"பாத்தியா, கொயந்தைக்கு இருக்கிற புத்தி ஒனக்கு இல்ல" என்றார் மாமா. சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

விமானத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்காரி பொய் சொல்லவில்லை, சக்கரம்கூடத் தெரிந்தது. நான் குதித்த குதியில் பஸ்ஸே சிரித்தது. சித்தி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, சைதாப்பேட்டை வரை விடவில்லை. கை வியர்த்து நசநசத்தது, உருவப் பார்த்தேன், முடியவில்லை.

சித்தியை அங்கே விட்டுவிட்டுத் திரும்பும்போது தாம்பரத்தில் உத்திரமேரூர் பஸ் வந்தது. வழக்கம்போல மாமா என்னைத் தூக்கக் கையை நீட்டினார். அம்மா நடுவில் வந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"வாணாம். நின்னுகினே போலாம். இனிமே என் பொண்ண எங்கியும் எடம் புடிக்க உடாத."

நின்றுகொண்டேதான் வந்தோம். அத்தனை தூரம்! அதற்குப் பிறகும் அம்மா என்னை எந்த பஸ்ஸிலும் இடம் பிடிக்க விடவில்லை. நன்றாக வேலை பார்த்தவளை ஒரு காரணமும் சொல்லாமல் வேலையை விட்டு நீக்கினால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? பல நாள் அம்மாவிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நல்ல வெயில் காலத்தில் ஒரு மத்தியானம் சித்தி எங்கள் வாசலில் வந்து நின்றாள். தனியாக, பைகூட இல்லாமல், காலில் செருப்பும் இல்லாமல். அம்மா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"எப்டிடி வந்த?"

"வந்த பஸ்சுல ஏறிட்டேன்க்கா. தாம்பரத்துல இருந்து நின்னுகினே வந்தேன். எடமே இல்ல."

எனக்கு வந்ததே கோபம். இப்படி வருவதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு போன் போட்டுச் சொல்லக்கூடாதா?

"என்ன கூப்ட்டிருந்தா நான் வந்து எடம் புட்ச்சி குட்த்திருப்பேன்ல?" என்று கேட்டேன்.

சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். அம்மாவும் சிரித்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, நிறுத்தாமல் சிரித்தார்கள். நான் கேட்டதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. ரோஷத்தோடு தோட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.